கற்றையின் அகலம் பூஜ்யம்

காலையில் கண் விழித்ததும் வலது கையைத் தேட வேண்டியிருந்தது. தோள் இருந்த இடத்தில் நோவு இருந்தது. அதற்குக் கீழே முழங்கை வரைக்கும் எரிச்சல். அதற்கும் கீழே மோதிர விரலும் சுண்டு விரலும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி படுக்கையில் கிடந்தன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்த இரண்டும் சுண்ணாம்பு வெள்ளையாகிவிடும். அரை மணி நேரம் அக்குளில் வைத்துச் சூடேற்றினால்தான் நிறம் திரும்பும்.

மனைவி சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். மூன்று மாதமாக அவள்தான் போடுகிறாள்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்பற மாதிரியே இருக்கு. டிபன் டப்பாவைத் தொலைச்சிட்டு வந்து நிக்காதய்யா" என்றாள்.

அவர் இரும்புத் தகடு வெட்டும் பட்டறையில் கிரைண்டிங்காரர். லேசர் மெஷின் வெட்டிப் போடும் தகடுகளின் அடியோரத்தில் இரும்பு உருகி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பிசிறு என்று பெயர். அதைக் கைமெஷினால் தேய்த்தெடுப்பது அவர் வேலை. நாளெல்லாம் பொறி பறக்கும் வேலை என்பதால் பட்டறையில் அவரைத் 'தீப்பொறி' என்பார்கள். வாயைத் திறந்தால் அவ்வளவு சாதுவான ஆள் கிடையாது.

லேசர் ஒழுங்காக இருந்த காலத்தில் பிசிறு என்பது துணியால் துடைத்தாலே போகிற விஷயம். மூன்று மாதமாக ஈயம் காய்ச்சி ஊற்றின மாதிரி கட்டியாக வந்தது. இரண்டு நிமிடத்தில் முடிந்த தகடு பதினைந்து நிமிடம் கேட்டது. கைமெஷின் தினமும் ஒன்பது மணி நேரம் அதிர்ந்தது. பிறகு அந்த அதிர்வு கைக்குள்ளேயே குடிவந்துவிட்டது. மெஷினை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம் இப்படியே தேய்ச்சீங்கன்னா இந்த ரெண்டு விரலும் திரும்பாது. வேலையை மாத்துங்க, இல்லேன்னா பிசிறைக் குறைங்க" என்று சொல்லிவிட்டார்.

பிசிறு ஏன் வருகிறது என்று தீப்பொறிக்குத் தெரியும். மெல்லிய இரும்பு இதழ்களை விசிறி மாதிரி அடுக்கிய ஃபீலர் கேஜ் ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும். முன்பெல்லாம் லேசர் வெட்டிய இடுக்கில் புள்ளி மூன்று மில்லிமீட்டர் இதழ் இறுக்கமாக நுழையும். இப்போது புள்ளி ஏழு இதழே லொடலொடவென்று ஆடியது. லேசரின் ஒளிக்கற்றை பருத்துவிட்டது. லென்ஸ் சூட்டில் கெட்டுவிட்டது.

"லென்ஸ் போச்சு முதலாளி."

"போச்சுன்னு நீ சொன்னா கம்பெனிக்காரன் மாத்துவானா? வாரன்ட்டி இன்னும் நாப்பது நாள் இருக்கு. கற்றை அகலத்தை அளக்கன்னே ஒரு வாரியம் இருக்கு. அது அளந்து சீட்டுக் கொடுத்தா புது லென்ஸ் சும்மா வரும். சொன்னவன் நீதானே, நீயே போய் வாங்கிட்டு வா" என்றார் முதலாளி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணு. கற்றை சரியா இருக்குன்னு சீட்டு வந்துச்சுன்னா, பிசிறு உன் கைப்பழக்கம். அப்புறம் கை நோவுது கால் நோவுதுன்னு எங்கிட்ட வரக் கூடாது."

தீப்பொறி தகட்டில் உள்ளங்கை அளவு ஒரு துண்டை, வெட்டு இடுக்கோடு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஒளிக்கற்றை அகல நிர்ணய வாரியம் நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தது. கீழ்த்தளத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வரைபடம். மேலே இருந்து தொடங்கிய சிவப்புக் கோடு கடைசி நாலு வருடத்தில் வருடத்துக்கு வருடம் இறங்கி, இப்போது தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அதன்மேல் 'நமது கற்றைகள் மெலிந்து வருகின்றன' என்று எழுதியிருந்தது.

"எந்த அகலம் வேணும்?" என்று கேட்டார் எழுத்தர்.

"இருக்கிற அகலம்ங்க."

"அப்படி ஒண்ணு கிடையாது."

எழுத்தர் சொன்னதில் தப்பில்லை. ஒளிக்கு ஓரம் என்பது இல்லை. நடுவில் பிரகாசமாக இருக்கும், தள்ளத் தள்ள மங்கும். எங்கே முடிகிறது என்பதை நாமாக முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். பிரகாசம் பாதியாகிற இடத்தில் கற்றை முடிகிறது என்பது முதல் மாடியின் கொள்கை. ஏழில் ஒரு பங்காகிற வரைக்கும் போகிறது என்பது இரண்டாம் மாடி. மொத்த வெளிச்சத்தையும் கூட்டிப் பெருக்கி வர்க்கமூலம் எடுக்காமல் யாரும் அகலம் என்ற வார்த்தையையே உச்சரிக்கக் கூடாது என்பது மூன்றாம் மாடி. மூன்று மாடிகளும் பதினோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. லிஃப்டில் ஒரு மாடிக்காரர் ஏறிவிட்டால் மற்ற இரண்டு மாடிக்காரர்களும் படியில் போவார்கள்.

தீப்பொறி மூன்று மாடியிலும் விண்ணப்பம் கொடுத்தார். மூன்று மாடியிலும் தகட்டுத் துண்டை எடுத்து மேசையில் வைத்து, "இந்த இடுக்கைப் பாருங்க சார், இதுலேயே தெரியுது" என்றார். முதல் மாடிக்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்த காகிதங்களின் மேல் வைத்தார்.

"நல்ல கனமா இருக்கே. விட்டுட்டுப் போறீங்களா?"

இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் அதுவேதான் நடந்தது. ஒவ்வொரு தடவையும் கெஞ்சி வாங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

பத்தொன்பதாவது நாள் வாரியத்தின் வண்டி பட்டறைக்கு வந்தது. ஏழு பேர் இறங்கினார்கள். முன்னால் துணைத் தலைவர். கடைசியில், தோளில் மடிக்கணினிப் பையும் கையில் கேமராப் பெட்டியுமாக நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. வேலை செய்யப்போவது அவர் மட்டும்தான் என்பது சுமையைப் பார்த்தாலே தெரிந்தது. நடுவில் நரைத்த ஒருவர் வெறுங்கையோடு வந்தார். அவர் மூடி அலுவலர். கேமராவின் மூடியைத் திறப்பதும், திறந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவதும், மூடுவதும் அவர் பொறுப்பு.

மூடி அலுவலர் மூடியைத் திறந்தார். நேரம் எழுதினார். லேசரின் வெளிச்சத்தில் சிறு பங்கைக் கண்ணாடியால் திருப்பிக் கேமராவில் விழவைத்தார்கள். மடிக்கணினித் திரை முழுக்க வெள்ளையாயிற்று.

"அடடா, என்ன ஒளி!" என்றார் துணைத் தலைவர்.

"கேமரா நிறைஞ்சு வழியுது ஐயா. கறுப்புக் கண்ணாடி வைக்காம அளக்க முடியாது" என்றார் கேமரா அம்மா.

"எங்கே அது?"

"ஸ்டோர்ல. ஸ்டோர்கீப்பர் லீவு. சாவியை ஒப்படைக்காம போயிட்டாரு."

மூடி அலுவலர் மூடியை மூடினார். நேரம் எழுதினார். ஏழு பேரும் முதலாளி வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வண்டி ஏறினார்கள். அன்றைக்குத் தீப்பொறி இரவு எட்டு மணி வரைக்கும் தேய்த்தார். அகலம் அளக்கவென்று மெஷினை நிறுத்திய நேரத்தை ஈடுகட்ட வேண்டாமா?

ஒன்பது நாள் கழித்து ஏழு பேரும் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார்கள். மூடி திறக்கப்பட்டது. கேமரா அம்மா லேசரை அணைக்கச் சொல்லிவிட்டு ஒரு படம் எடுத்தார். திரை இருட்டாக இருந்தது. துணைத் தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"என்னம்மா இது?"

"இருட்டுப் படம் ஐயா. லேசர் இல்லாதப்பவும் கேமராவுல கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதை முதல்ல எடுத்து வச்சுக்கிட்டு, அப்புறம் லேசர் படத்துலேர்ந்து கழிச்சாத்தான் நிஜ அகலம் வரும். நீங்க இதுல கையெழுத்துப் போடணும்."

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணுமே இல்லாததுதான் ஐயா வேணும்."

துணைத் தலைவர் நிமிர்ந்தார். பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்மா. கண்ணுக்குத் தெரியாத எதுலயும் நான் கையெழுத்துப் போட்டது கிடையாது. நாளைக்குத் தணிக்கைக்காரன் வந்து எதைப் பார்த்துப் போட்டீங்கன்னு கேட்டா, இருட்டைப் பார்த்துப் போட்டேன்னு சொல்லவா? என்னைப் பத்தி என்ன நினைப்பான்? விவரம் தெரிஞ்சு போட்டேனா இல்லையாங்கிறது வேற விஷயம். கண்ணுக்கு ஏதாவது தெரிஞ்சு போட்டேனா, அதுதான் கேள்வி. லேசரைப் போடச் சொல்லுங்க."

லேசரைப் போட்டார்கள். கேமரா அம்மா மறுபடியும் படம் எடுத்தார். ஒரு பக்கம் நசுங்கிப் பிதுங்கின வெளிச்சத் திட்டு திரையில் வந்து நின்றது.

"இப்ப பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு" என்று சொல்லித் துணைத் தலைவர் இருட்டுப் படத்துக்கு உரிய கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து அளவு. கேமரா அம்மா அதே கற்றையை இன்னொரு தடவை படம் எடுத்தார். மென்பொருள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கற்றையிலிருந்து கற்றையைக் கழித்தது. திரையில் 'கற்றை காணப்படவில்லை' என்று வந்தது.

"என்ன எழுதறது?" என்று கேட்டார் படிவம் நிரப்புகிறவர்.

"காணப்படலைன்னே எழுதுங்க" என்றார் கேமரா அம்மா.

"கட்டத்துல எழுத்து போடக் கூடாது. எண்தான் போடணும்."

"அப்ப பூஜ்யம்" என்றார் துணைத் தலைவர். முகம் மலர்ந்துவிட்டது. முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். கற்றைங்கிறது எவ்வளவு மெலிசோ அவ்வளவு உசத்தி. இதுக்குக் கீழே போக முடியாது. வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்."

எல்லோரும் வெளியே போனார்கள். தீப்பொறி மட்டும் நின்றார்.

"அம்மா, நான் படிக்காத ஆள். வெளிச்சத்துலேர்ந்து அதே வெளிச்சத்தைக் கழிச்சா ஒண்ணும் வராதுன்னு எனக்கே தெரியுதே?"

கேமரா அம்மா வாசலைப் பார்த்தார். லேசரை அணைக்கச் சொல்லி, ஒரு இருட்டுப் படம். போடச் சொல்லி, ஒரு அளவு. மொத்தம் முக்கால் நிமிடம் ஆயிற்று. திரையில் எண் வந்தது: புள்ளி ஏழு இரண்டு.

"உங்க கேஜ் சரிதான் அண்ணே. புள்ளி மூணு இருக்க வேண்டியது. லென்ஸ் சுத்தமாப் போச்சு."

"இதை அச்செடுத்துக் குடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கையெழுத்துப் போட்ட இருட்டு இல்லாம அச்சு வராது. மென்பொருளையே அப்படிப் பண்ணி வச்சிருக்காங்க."

"நீங்க அவர்கிட்ட எடுத்துச் சொல்லலாமே?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் சொன்னார். இந்த மென்பொருளை எழுதினவரே அவர்தான்."

"இப்ப எங்க இருக்காரு?"

"மூடியைத் திறக்கிறாரே, பார்க்கலையா?"

தீப்பொறி தகட்டுத் துண்டை எடுத்து, ஆணி முனையால் 0.72 என்று கீறிக்கொண்டார். வலது கை எழுதவில்லை. இடது கையால் கீறியதில் ஏழு சாய்ந்து விழுந்தது.

அன்றிரவு மனைவி சீட்டை வாங்கி விளக்கருகில் கொண்டுபோய்ப் படித்தாள். அவள் சாக்குத் தைக்கிற ஆலையில் வேலை பார்ப்பவள். ஊசி பிடித்த கைக்கு எண் பிடிபட நேரமாகாது.

"பூஜ்யமா? அப்ப இத்தனை நாளா தகட்டை யாருய்யா வெட்டினது, எலியா?"

"மேல்முறையீடு பண்ணலாம்னு சொல்றாங்க."

"பண்ணு. போகும்போது கையைக் கழட்டி எடுத்துட்டுப் போ. அதையும் பேப்பர் மேல வச்சுக்கட்டும்."

மேல்முறையீட்டு விசாரணைக்கு, முதல் விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து நாற்பத்து மூன்றாவது நாள் தேதி கொடுத்தார்கள். வாரன்ட்டி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நான்காவது மாடியில் நீள மேசை. நடுவில் தலைவர். பக்கத்தில் துணைத் தலைவர். தீப்பொறி உட்கார நாற்காலி இருந்தது, ஆனால் அதில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

"ஐயா, இந்தத் தகட்டுல இடுக்கு புள்ளி ஏழு இருக்கு. வெட்டினது இந்த லேசர்தான். அகலம் பூஜ்யம்னா இடுக்கு எப்படி விழும்?"

தலைவர் தகட்டை வாங்கி, இடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் துணைத் தலைவரைப் பார்த்தார்.

"நல்லாத் தெரியுது. நீங்க சொல்றது உண்மைதான், இடுக்கு இருக்கு. ஆனா கற்றை பூஜ்யம்னு எங்க சீட்டு இருக்கு. ரெண்டுல ஒண்ணு தப்பு. சீட்டுல கையெழுத்து இருக்கு. தகட்டுல கையெழுத்து இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப தகடு தப்பு. தகட்டுக்குத் தனி வாரியம் இருக்கு, அங்க போங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு அன்பாகப் பேசினார். "இதோ பாருங்க. நான் பொறுப்பேத்தப்ப இங்கே சராசரி அகலம் என்ன தெரியுமா? புள்ளி நாலு. அளக்கத் தெரிஞ்சவங்க இருந்தாங்க, அளந்துகிட்டே இருந்தாங்க, அகலம் குறையவே இல்ல. நிர்வாகத்தைக் கையில எடுத்தோம். இருட்டுக்குப் பொறுப்பான அதிகாரியை நியமிச்சோம். நாலு வருஷத்துல பூஜ்யம். அதுக்காக நாங்க ஒரு லேசரைத் தொட்டிருப்போமா? ஒரு திருகாணியைத் திருப்பியிருப்போமா? எல்லாம் அளவையிலேயே சாதிச்சோம். இப்ப உங்க ஒருத்தருக்காகப் புள்ளி ஏழுன்னு எழுதினா, கீழ்த்தளத்துச் சுவர்ல கோடு மேல ஏறும். அதை யாரு பெயின்ட் அடிக்கிறது?"

"எனக்கு ரெண்டு விரல் போகுதுங்க."

"விரலுக்கு இங்கே பிரிவு இல்லையே" என்றார் துணைத் தலைவர். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

தலைவருக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. வாரியத்தின் ஆண்டு விழாவுக்கு நாற்பது இரும்புக் கேடயங்கள் வேண்டும். வாரியத்தின் சின்னமான சூரியனை அதில் வெட்ட வேண்டும். நாட்டிலேயே மெலிந்த கற்றை எந்தப் பட்டறையில் இருக்கிறதோ அங்கேதானே கொடுக்க வேண்டும்?

தலைவர் வாயிலிருந்து இது வந்த மறுநாளே ஆர்டர் பட்டறைக்கு வந்தது. முதலாளி சந்தோஷத்தில் லென்ஸை மறந்தார்.

சூரியனுக்கு இருபத்து நாலு கதிர். ஒரு கதிருக்கு இரண்டு ஓரம். ஓரத்துக்கு ஓரம் பிசிறு. தீப்பொறி கைமெஷினை மணிக்கட்டோடு துணியால் கட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் தேய்த்தார். விரல் பிடிக்காததால் கட்ட வேண்டியிருந்தது. முப்பத்தொன்பதாவது கேடயம் முடிந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறதா நின்றுவிட்டதா என்று கைக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்து அணைத்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் முதலாளி.

"கை வரல முதலாளி."

"ஒண்ணுதானே, யாரு தடவிப் பார்க்கப்போறாங்க. அடியில தள்ளி வை."

நாற்பதும் பெட்டியில் போயின. இறக்கியவர்கள் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். அடியில் இருந்தது மேலே வந்தது. வாரியத்தில் எதுவும் மேலேயிருந்துதான் தொடங்கும். முதல் கேடயம் தலைவருக்கு.

விழா மேடையில் தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். "பிசிறு என்பது அகலத்தின் குழந்தை. அகலத்தை ஒழித்தோம், பிசிறு ஒழிந்தது!" என்றார். கைதட்டல். பட்டறையின் சார்பில் முதலாளியும் தீப்பொறியும் மேடையேறி, முதல் கேடயத்தைத் தலைவரிடம் நீட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. தீப்பொறிக்குப் பிடி நிற்காது என்று முதலாளியே நீட்டினார். தலைவர் இரண்டு கையாலும் சூரியனை இறுகப் பற்றிக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார்.

சிவப்பாக ஒரு கோடு மணிக்கட்டு வழியே இறங்கி வெள்ளைச் சட்டைக் கையில் ஏறியது. ஆட்காட்டி விரல் எலும்பு தெரியப் பிளந்திருந்தது.

"பிசிறு!" என்று கத்தினார் தலைவர். வாரியத்தில் நான்கு வருடமாக உள்ளதைச் சொன்னதற்காக வேலை மாற்றப்படாத ஒரே ஆள் அவர்தான்.

ஆம்புலன்ஸ் நாலு நிமிடத்தில் வந்தது. தையல் ஏழு. சம்பளத்தோடு மூன்று வார ஓய்வு. துணைத் தலைவர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். கேடயத்தை வெட்டிய கற்றையின் அகலம் பூஜ்யம் என்பதால் அதில் பிசிறு இருக்க வழியில்லை. பிசிறு இல்லாததால் அது யாரையும் கிழித்திருக்க முடியாது. எனவே தலைவரின் விரல் தானாகவே பிளந்துகொண்டது என்று குழு ஒருமனதாக முடிவு செய்து கையெழுத்திட்டது. மூடி அலுவலரை மட்டும் கையெழுத்துக்குக் கூப்பிடவில்லை. அவர் அன்றைக்கு அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்தார் என்று குற்றப் பத்திரிகை கொடுத்திருந்தார்கள்.

அதே வாரம் டாக்டர் தீப்பொறியின் சுண்டு விரலில் ஊசியால் குத்தினார்.

"தெரியுதா?"

"குத்தப்போறீங்களா?" என்று கேட்டார் தீப்பொறி, முகத்தைத் திருப்பியபடியே. மோதிர விரலிலும் குத்தியாகியிருந்தது.

டாக்டர் ஊசியைத் தட்டில் போட்டார். "இது இனிமே வராதுங்க" என்றார்.

பட்டறையில் அதே லென்ஸ் ஓடுகிறது. தேய்க்க வேறு ஆள் வந்திருக்கிறான். நல்ல உறுதியான கை, ஒரு வருடம் தாங்கும் என்கிறார் முதலாளி. தீப்பொறி கேட் அருகே நாற்காலி போட்டு வருகிற வண்டி எண்ணை இடது கையால் எழுதுகிறார்.

மாதக் கடைசியில் வாரியத்திலிருந்து ஒரு தபால் வந்தது. கோப்பை மூட வேண்டுமாம். உள்ளே ஒரு தாளும், தபால்தலை ஒட்டின உறையும் இருந்தன. தாளில், 'வாரியத்திடமிருந்து எனக்கு வர வேண்டியது ஏதுமில்லை' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

"படிச்சுக் காட்டு" என்றார் தீப்பொறி.

மனைவி படித்துக் காட்டினாள். பிறகு பேனாவை எடுத்து 'ஏதுமில்லை' என்பதை அழுத்தமாக அடித்தாள். அதன் பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கணவனிடம் நீட்டினாள். அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

'வாரியத்திடமிருந்து எனக்கு வர வேண்டியது: வலது கை மோதிர விரல் ஒன்று, சுண்டு விரல் ஒன்று. இரண்டும் இன்னும் வந்து சேரவில்லை.'